தெருவுக்கெல்லாம் ஒரே நாக்கு

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதல், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் மாதா கோயில் தெருவில் எல்லா வீட்டுச் சாப்பாடும் இரும்பாக ருசித்தது. சாம்பார் இரும்பு, மீன் குழம்பு இரும்பு, குழந்தை கடித்த பிஸ்கட்டும் இரும்பு. தெருவில் பாதிப் பேர் உருக்காலைகளில் வேலை பார்க்கிறவர்கள் என்பதால் அது இரும்புதானா என்ற சந்தேகமே யாருக்கும் வரவில்லை. எந்த ரக இரும்பு என்பதில்தான் சண்டை. துருப்பிடித்த கம்பி என்றார்கள் சிலர். பழைய சைக்கிள் செயின் என்று அடித்துச் சொன்னார் சுப்பராயன். அவர் ஓய்வு பெற்ற ஃபோர்மேன், நல்ல மீன் குழம்புக்காகப் பொன்னேரி வரைக்கும் பஸ் ஏறிப் போகிறவர், தன் நாக்கைப் பற்றிப் பெருமையடிக்காத நாள் கிடையாது.

வழக்கம்போலப் பழி தொழிற்சாலைகள் மேல் விழுந்தது. மனு போனது, ஒரு அதிகாரி வந்து பாட்டில்களில் தண்ணீர் பிடித்துப் போனார், தண்ணீரில் ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. மறுபடி வந்தவர் தெருவில் கொடுத்த டீயை மரியாதைக்காக ஒரு வாய் முழுங்கிவிட்டு, மீதி டம்ளரோடு தெருமுனைக் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினார். அங்கே டீ டீயாகவே இருந்தது. திரும்பி இந்தப் பக்கம் வந்தார், இரும்பு. டம்ளர் காலியாகும்வரை பாலத்தின் மேல் போவதும் வருவதுமாக இருந்துவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனார். இத்தனை வருஷமாக எதெதற்கோ திட்டு வாங்கிய தொழிற்சாலைகள் இந்த ஒரு முறை நிஜமாகவே எதையும் செய்திருக்கவில்லை. அந்தத் திகைப்பிலோ என்னவோ, அவர்களே ஒரு தண்ணீர் லாரியை அனுப்பிவைத்தார்கள்.

விஷயம் விளங்கியது ஃபோனில்தான். காந்தக் கிரேன் ஓட்டும் பாக்கியராஜின் மனைவி சுகிர்தாவுக்கு மார்பில் புற்றுநோய். கீமோ ஊசிக்கு மட்டும் சென்னைக்குப் போவார். சாப்பாட்டு ஆலோசனைக்கு ஆஸ்பத்திரியின் உணவு நிபுணர் ரம்யா வாரா வாரம் வீடியோ காலில் வருவார். சுகிர்தா தெருமுனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி நின்று எடையைக் காட்ட வேண்டும். எடை இறங்கிக்கொண்டே போனது. இன்னும் இறங்கினால் அடுத்த ஊசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்று ரம்யா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். தள்ளிப்போனால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

அன்றைக்கு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள். இட்லிக் கடை வைத்திருப்பவர். பஞ்சுபோல இட்லி அவித்துக் கொண்டுபோய்க் கொடுத்தும் அது தொடப்படாமல் திரும்பி வருவதில் அவருக்கு ஏகப்பட்ட மனத்தாங்கல்.

"ருசி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் ரம்யா.

"இரும்ப நக்கற மாரி கீது மேடம். ஊசி போட்டதுலேர்ந்து இப்டித்தான்."

அஞ்சம்மாள் ஃபோனைத் தன் பக்கம் திருப்பினார். "எங்க ஊட்லயும் அப்டித்தான் கீது மேடம். தெரு முச்சூடும் அப்டித்தான்."

அப்போதுதான் எல்லோருக்கும் அந்தச் செவ்வாய்க்கு முந்தின ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. வாசலில் கூடி நின்றவர்கள் சாப்பிடு சாப்பிடு என்று சொல்ல, மருந்து மாதிரி முழுங்கித் தொலையேன் என்று பாக்கியராஜ் கத்த, சுகிர்தா தட்டைத் தள்ளிவிட்டு, "என் நாக்க ஒரு நாள் உங்களாண்ட குட்த்தாத் தெரியும்," என்றிருந்தார். கொடுத்தேவிட்டார் போலிருக்கிறது. இதையா தின்னு தின்னு என்று உயிரை வாங்கினேன் என்று அஞ்சம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ரம்யா படித்த படிப்பில் இதற்கு இடம் இல்லை. தெருவில் மொத்தம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொன்னார். எவர்சில்வர் தட்டும் ஸ்பூனும் வேண்டாம், இலையோ பிளாஸ்டிக்கோ போதும். எதையும் ஆறவைத்துச் சாப்பிடுங்கள். வாயில் புண் இல்லையென்றால் எலுமிச்சை பிழியலாம். முட்டை, பருப்பு, வேர்க்கடலை தினமும் வேண்டும். ஊசி முடியும்வரை பழைய சோறு கூடாது. இந்தக் கடைசி வரியில்தான் தெரு இடிந்து போனது.

ஆம்பளைகள் வேறு வழி பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பரோட்டாக் கடையில் சாயங்காலமானால் நிற்க இடமில்லை. பாக்கியராஜும் ஷிப்ட் முடிந்து அங்கே தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். சுகிர்தாவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டால் தெரு பிழைக்குமே என்று சுப்பராயன் அந்தக் கடை வாசலில் பேச்சை எடுத்தார். தயிர் வாங்க வந்த அஞ்சம்மாள் காதில் அது விழுந்தது.

"நீ பாலத்துக்கு இந்தாண்ட வந்து துன்னுக்கற நைனா. அவ எந்தப் பாலத்த தாண்டிப் போவா?"

பாக்கியராஜ் கையிலிருந்த பரோட்டாவை இலையிலேயே வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து அவர் வீட்டில், மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, இரும்பையே சாப்பிட்டார்.

அதன் பிறகு தெருவில் நடந்தது பெரிய ஆராய்ச்சி. நோயாளிக்குச் சமைக்கிறவர்களுக்கு நோயாளியின் நாக்கில் அது எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது. இந்தத் தெருவில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாலே தெரிந்தது. புதினாத் துவையல் பாதி இரும்பு, ரசம் முழு இரும்பு, கருவாடு தண்டவாளம் என்று செய்தி சுவர் தாண்டிச் சுவர் போனது. கடைசியில் கண்டுபிடித்தது சமையலே தெரியாத பாக்கியராஜ். பசி தாங்காமல், ஆறின கேழ்வரகுக் கஞ்சியில் மோரை ஊற்றி, வறுத்த வேர்க்கடலையைப் பொடித்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, குளிப்பதற்கென்று வாங்கி இன்னும் குளியலறையைப் பார்க்காத நீலப் பிளாஸ்டிக் மக்கில் குடித்தார். இரும்பு வரட்டும் என்று காத்திருந்தார். வரவில்லை. மக்கைச் சுகிர்தாவிடம் நீட்டினார்.

சுகிர்தா அடி வரைக்கும் குடித்துவிட்டு, "இன்னும் கீதா?" என்றார். பாக்கியராஜ் அடுப்பங்கரையில் போய் நின்றுகொண்டு அழுதார்.

இரும்புக் கடைத் தராசு மெல்ல ஏறியது. ரம்யா ஒருவருக்குப் போட்ட கணக்கைத் தெருவே குடித்ததால் எல்லோரும் சேர்ந்து பெருத்தார்கள், அஞ்சம்மாளின் ரவிக்கைகளெல்லாம் தையல் பிரிக்கப் போயின. எந்த ஊசியும் தள்ளிப்போகவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டின் நடுவில், எல்லா வீட்டிலும் ருசி திரும்பியது. அஞ்சம்மாளின் சாம்பாரில் எப்போதுமே உப்புத் தூக்கல் என்பது அன்றைக்குத்தான் தெரு முழுக்க ஒரே நேரத்தில் தெரிந்தது. அவர் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பிக்கொண்டிருந்ததால் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஒரு காலை, எல்லா வீட்டுக் காபியும் இரும்பாக இருந்தது. வாசலுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் சுகிர்தா வீட்டைத்தான் பார்த்தார்கள். அவரும் டம்ளரோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவர் காபியும் இரும்பு. பிறகு ஒவ்வொருவராகச் சுப்பராயன் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். மணவாள நகரில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், முந்தின நாள் மெலிந்து, கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு திரும்பி, சாத்திய கதவைத் திறக்கவில்லை. எவர்சில்வர் தட்டுகள் எல்லா வீட்டிலும் பரணுக்கு ஏறின. பாக்கியராஜ் வேர்க்கடலை வறுத்தார். சுகிர்தா ரம்யாவுக்கு ஃபோன் போட்டார்.

"மறுபடி உங்களுக்காம்மா?" என்று கேட்டார் ரம்யா.

"எனுக்கு இல்ல மேடம். தெருவுக்கு."

சுகிர்தா நீல மக்கோடு போய்க் கதவைத் தட்டினார். சுப்பராயன் பாதிக் கதவைத் திறந்து மக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உன்னாண்ட யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலணா. காபி குட்ச்சோம்."

அவர் வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார், நாக்கைச் சப்புக் கொட்டினார்.

"எலுமிச்ச கம்மியா கீது," என்றார். தெருவில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.