பிரேக்கில் ஏறும் கரண்ட்

...அவளுக்கு மட்டும்தான் சொல்லவில்லை, மற்ற எல்லாருக்கும் சொன்னேன், எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடு ஒன்று விடாமல் போய்ச் சொன்னேன், இந்தா பாருங்க, அந்த ரேஸ் வண்டி கீழே இறங்கும்போது சத்தமே போடாதாம், காதை நம்பி ரோட்டைக் கடக்காதீங்க என்று. ஆயம்மாள் வாசலில் மட்டும் என் கால் நிற்கவில்லை. ஏன் நிற்கவேண்டும்? என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி என்றால் ஆயிற்றா? தேயிலை விலை விழுந்து ஆட்களைக் குறைத்தபோது, குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான் வேலை என்றார் மேஸ்திரி வீரையா. "ராஜகுமாரி சின்னவளுங்க, வேற எங்காச்சும் பொழைச்சுக்குவாளுங்க" என்று என்னைப் பற்றி அவர் காதில் ஓதி, அந்த ஒன்றையும் வாரிக்கொண்டு போனவள் அவள். நான் கேத்தியில் அடுத்தவர் காட்டில் கேரட் கழுவினேன், கை விறைத்துப்போய் இரவில் சோற்றைப் பிசைய முடியாது. இப்போது இது. வண்டி வரும்போது ஆட்களை நிறுத்த ஒரு சிவப்புத் துணியும் ஒரு விசிலும். கொழுந்து விலை போகாததால் முதலாளி எஸ்டேட் ரோட்டையே கோயமுத்தூர் ரேஸ்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார், நல்ல மூளை.

வளைவில் நிற்கிறேன், பனி முகத்தை நனைக்கிறது, பக்கத்துக் கூடாரத்தில் மெக்கானிக் அம்புரோஸ் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பையே பார்க்கிறான், அதை மாட்டினால் இடி விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. காலையில் டீ குடிக்கும்போது விளக்கமாகச் சொன்னான். "மத்த வண்டியில பிரேக் போட்டா அந்த வேகமெல்லாம் சூடாகி வீணாப் போயிருங்க அக்கா. இது அதைப் புடிச்சுக் கரண்டாக்கி பேட்டரியில வச்சுக்குங்க. ஏறும்போது பெட்ரோலோட சேர்த்துக் குடுக்கும் பாருங்க, பறக்கும். இறங்கறப்ப இன்ஜினே ஓடாது, அதனாலதான் உங்களை நிக்க வச்சிருக்கோம்." எனக்கு உடனே புரிந்துவிட்டது, ஏன் புரியாது, நானும் அப்படித்தானே, அவள் பேசிய பேச்சுக்கெல்லாம் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன், எது வீணாகப் போயிற்று, எல்லாம் உள்ளே ஏறித்தான் கிடக்கிறது. "எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டான். சொல்லிட்டேன் தம்பி என்றேன்.

கூடாரத்துக்குள்ளிருந்து கத்துகிறான், "அக்கா, மேல கிளம்பிருச்சு!" சரி, பார்த்துக்கொள்கிறேன்... யார் அது, மேல் காட்டிலிருந்து இறங்குவது... தலையில் கொழுந்து மூட்டை, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், முன்னே சாய்ந்த அந்த நடை, வேறு யார், ஆயம்மாள் மகராசிதான். ஓரத்தில் வந்து நிற்கிறாள். மூச்சைப் பிடித்துக் காது கொடுத்துக் கேட்கிறாள். எங்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம், தலையில் மூட்டை இருந்தால் கழுத்தைத் திருப்ப முடியாது, ஜீப் வந்தால் மேல் வளைவிலேயே உறுமும், உறுமல் இல்லையென்றால் ரோடு காலி. துணியை ஆட்டினால் அவளுக்குத் தெரியாது, என் பக்கம் திரும்பவே முடியாது. விசில் என் பல்லிடுக்கில் இருக்கிறது. ஊதினால் போதும். ஊதப்போகிறேன், ஊதாமல் இருப்பேனா... இன்னும் ஒரு நொடி, அவள் கொஞ்சம் கேட்கட்டும், ஒன்றுமே கேட்காமல் நிற்கிற அந்த முகத்தை நான் கொஞ்சம் பார்க்கிறேன்... அட, கால் வைத்துவிட்டாளே, நடுரோட்டுக்குப் போய்விட்டாளே, ஊது, ஊதடி பாவி... வாயில் காற்று இருக்கிறது, வெளியே வரவில்லை.

டயர் கிறீச்சிட்டது. வெள்ளை வண்டி பக்கவாட்டில் சறுக்கி, அவள் சேலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஆயம்மாள் உட்கார்ந்துவிட்டாள், மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் கொழுந்து. ஹெல்மெட்டுக்குள் டிரைவர் ஏதோ திட்டினான். அம்புரோஸ் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிவந்தான், அடி ஒன்றும் இல்லை என்று பார்த்தான், உடனே லேப்டாப்புக்கு ஓடி, அங்கிருந்தே டிரைவரிடம் கத்தினான். "அண்ணா, ஒரே பிரேக்ல எவ்வளவு சார்ஜ் ஏறியிருக்கு பாருங்க!" சிரிக்கிறான், படுபாவி. வண்டி கீழே போய்விட்டது, அதே மாதிரி ஓசையில்லாமல்.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள், மயிரைப் பிடிப்பாள், பிடிக்கட்டும் என்றுதான் போனேன். அவள் என் வாயிலிருந்த விசிலைப் பார்த்தாள்.

"விசில் அடிச்சியா குமாரி?"

"அடிச்சேனே. மறுபடி மறுபடி அடிச்சேன்." எப்படித்தான் அவ்வளவு லேசாக வந்ததோ.

"எனக்குக் கேக்கலையே... வண்டிச் சத்தமும் கேக்கலையே..." காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தாள், உதறினாள், மறுபடி குடைந்தாள். "காது போயிருச்சா எனக்கு? அடியே, மேஸ்திரிகிட்ட சொல்லிராத கண்ணு. காது கேக்காதவன்னு தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திருவாங்க. உன் கால்ல வேணா விழறேன்." என்னிடம், அவள். இது எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாகத் தோன்றவில்லை, அந்த வேலை தானாக நடந்து வந்து என் கையில் உட்காரும் என்று நான் கண்டேனா? வீரையாவிடம் ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை.

கொழுந்தை அள்ளிக் கட்டி மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டாள். பாதி ரோடு இன்னும் கடக்க இருக்கிறது. வழக்கம்போல நின்று கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள் போல. மூட்டையோடு உடம்பையே என் பக்கம் திருப்பினாள்.

"நான் போகட்டுமா குமாரி?"

ரோட்டில் வண்டி ஏதும் இல்லை. விசில் இன்னும் என் வாயில் இருக்கிறது. அதைப் பல்லால் இறுக்கிக் கடித்தேன், அவள் நகரவில்லை.