இருட்டாக இருக்கவேண்டிய தட்டு

என் தம்பிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. சிறுவயதில் தொட்டியில் விதை போட்டுவிட்டு மறுநாளே தோண்டிப் பார்ப்பான். அவன் வேதியியல் படித்து, நான் நுண்ணோக்கி இயக்கும் அதே ஆய்வகத்தில் வந்து சேர்ந்தது என் தலையெழுத்து.

செல்லுக்குப் பசித்தால் தன் உறுப்புகளையே தின்ன ஆரம்பிக்கும். அது உயிரோடு இருக்கும்போதே இதைப் பார்க்க, தம்பி இரண்டு மூலக்கூறுகள் செய்திருந்தான். ஒன்று கிண்ணம், செல்லின் செரிமானப் பையில் போய்த் தங்கும். இன்னொன்று அந்தக் கிண்ணத்துக்குள் கச்சிதமாக உட்காரும் உருண்டை, செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் ஒட்டிக்கொள்ளும். பை மைட்டோகாண்ட்ரியாவை விழுங்கினால் இரண்டும் சேர்ந்து சிவப்பாக ஒளிரும். விழுங்காவிட்டால் இருட்டுதான்.

அன்று மதியம் ஆய்வகத் தலைவி என் பின்னால் வந்து நின்றார். இது சரிவராவிட்டால் தம்பி வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பட்டினி போட்ட செல்கள் இருந்த தட்டைத் திரையில் காட்டினேன். சிவப்பு. தம்பி மூச்சு விட்டான். அடுத்தது, வயிறார ஊட்டிய தட்டு. அது இருட்டாக இருக்கவேண்டும்.

அதுவும் சிவப்பாக ஒளிர்ந்தது.

"பசியே இல்லாத செல்லுல எப்படி வெளிச்சம் வரும்?" என்றார் தலைவி. "உங்க கிண்ணமும் உருண்டையும் கண்ட இடத்துல ஒட்டிக்குது. இத நம்பி எதுவும் சொல்ல முடியாது."

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"தட்ட வச்சப்புறம் யாராவது தொட்டீங்களா?" என்றேன்.

"நான் தொடவே இல்லக்கா," என்றான், தரையைப் பார்த்து.

தட்டை மெல்ல நகர்த்தினேன். சிவப்பு, சிவப்பு, சட்டென்று இருட்டு. மறுபக்கமும் அப்படியே. காட்சியை அகலப்படுத்தினால் ஒரே ஒரு சிவப்பு வட்டம். எங்கள் நுண்ணோக்கி விளக்கின் வெளிச்சம் விழும் அளவு. அந்த விளக்கை அதிக நேரம் காட்டினால் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போகும், கெட்டதைச் செல் தின்றுவிடும். அதனால்தான் நான் வரும்வரை யாரும் விளக்கைப் போடக்கூடாது என்பது எங்கள் அறைச் சட்டம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொன்னால் தம்பி பொய்யனாவான்; சொல்லாவிட்டால் அவன் உழைப்பு குப்பைக்குப் போகும்.

"தோண்டிப் பாத்தியாடா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

தலைவிக்குப் புரியவில்லை. அவனுக்குப் புரிந்தது.

"காலைல பாத்தேன்க்கா. இருட்டாத்தான் இருந்துச்சு. மனசு நம்பல. விளக்கக் கூட்டிக் கூட்டிப் பாத்துட்டே இருந்தேன்."

தலைவி அந்த வட்டத்தின் ஓரத்தை விரலால் தொடர்ந்தார்.

"மூலக்கூறு பொய் சொல்லல. நீங்கதான் சொன்னீங்க," என்றார். "புதுத் தட்டு கொண்டாங்க. ஒரு மூலையில மட்டும் வேணும்னே வெளிச்சம் போட்டு எனக்குக் காட்டுங்க."

புதுத் தட்டின் ஒரு மூலையில் வெளிச்சம் காட்டிவிட்டு விளக்கை அணைத்து, அதன் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். தம்பி சுவரோரம் நாற்காலியில் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தான்.

"ஒரே ஒரு தடவக்கா..."

"வாய மூடிட்டு உக்காரு."

மாலையில் தலைவி முன்னால் அந்தத் தட்டைத் திரையில் காட்டினேன். சுற்றிலும் இருட்டு. மூலையில் மட்டும், ஓரம் பிசகாமல், ஒரு சிவப்பு வட்டம். தலைவி தலையை ஆட்டினார். திரும்பிப் பார்த்தால் தம்பி இரண்டு கண்களையும் இறுக மூடியிருக்கிறான்.

"என்னக்கா தெரியுது?"

"இப்பப் பாருடா," என்றேன்.