நாற்பத்து நாலு ஆறு

ஊர்காவற்துறை இறங்குதுறையில் காலை லோஞ்சுப் படகுக்கு நிற்பவர்களுக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று குஞ்ஞப்பனின் கடையில் தேத்தண்ணி குடிப்பது, மற்றது அவன் வாயைக் கிண்டுவது. அவன் திருவலையில் குந்தியிருந்து புட்டுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். ஒன்பது வயதில் மலையாளக் கரையிலிருந்து வந்தவன். இந்த 1961 மாசியோடு முப்பது வருஷம்.

"எங்கட நாட்டிலை ஆறு மாத்திரம் நாற்பத்து நாலு," என்றான்.

லோஞ்சு ஓட்டும் அம்புறோஸ் கோப்பையை வாயிலிருந்து எடுத்தான். தீவில் ஒரு ஆறும் இல்லை. கிணறுகளில் பாதி சவர்த் தண்ணீர். அவன் கண்ட பெரிய நன்னீர் ஊர்க் குளம்தான், அதுவும் மாரியில்.

"நாற்பத்து நாலும் நல்ல தண்ணியோ?"

"கற்கண்டு, தம்பி. காயல் எண்டு ஒண்டு கிடக்கு, கடல் மாதிரி. அதுக்கு நடுவிலை வரம்பு கட்டி, தண்ணி மட்டத்துக்குக் கீழை நெல் விதைப்பினம். வள்ளத்திலை போறவன் வயலைக் குனிஞ்சுதான் பாக்கவேணும்."

"குனிஞ்சோ! யேசுவே!"

அன்றைக்குக் கதையில் மிளகுக் கொடியும் வந்தது, நூறு பேர் ஒரே பாட்டுக்குத் தண்டு வலிக்கும் பாம்பு வள்ளமும் வந்தது. ஆவணியில் ஒரு ராசா தன் சனத்தைப் பார்க்கப் பாதாளத்திலிருந்து வருவார். முற்றமெல்லாம் பூவால் கோலம் போடுவார்கள். அவர் ஆண்ட காலத்தில் பொய் இல்லை, கள்ள அளவை இல்லை.

"அப்ப ஏவாரியள் என்னெண்டு சீவிச்சவை?" என்று கேட்டார் சரவணமுத்து. தெற்கே காலிப் பட்டினத்தில் இருபது வருஷம் சுருட்டுக்கடை நடத்திவிட்டு ஊர் திரும்பியவர். வாங்கில் இருந்தவர்கள் அது குலுங்கச் சிரித்தார்கள்.

"சொத்தும் அங்கை பொம்பிளையளுக்குத்தானாம்," என்றாள் குசினிக்குள்ளிருந்து அவன் மனைவி செபஸ்தியம்மா. "இவர் இஞ்சை வந்து என்ரை சீதனக் காணியிலை கடை போட்டவர்."

லோஞ்சு போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "இஞ்சேருங்கோ, நீங்கள் எத்தினை ஆறு கண்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை."

அது அவளுக்குத் தெரியும். அவன் கண்டது தேங்காய் மட்டை அழுகப்போடும் ஒரு கறுத்த குட்டை. தாய் இடுப்பளவு நீரில் நின்று மட்டையை எடுப்பாள். பிறகு நாள் முழுக்கக் கொட்டனால் அடித்துத் தும்பாக்குவாள். அவளுடைய நகம் எந்தப் பெருநாளுக்கும் வெளுத்ததில்லை. அவள் செத்ததும் மாமன் கப்பலேற்றிவிட்டான். ஆறும் ராசாவும் இந்தத் துறைக்கு வந்துபோன பாய்க்கப்பல் மலையாளிகளிடம் கேட்டுச் சேர்த்தவை.

"சனம் வாயைத் திறந்துகொண்டு கேக்குது. எனக்குமெல்லோ கேக்க ஆசையாக் கிடக்கு," என்றான்.

பத்து வருஷத்துக்கு முன் இலங்கைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தான். அது கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போகவேண்டும். இப்போதுதான் விசாரணைக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. சாட்சிக்குச் சரவணமுத்துவும் அம்புறோசும்.

"கதையை என்னட்டை விடும்," என்றார் சரவணமுத்து. "சாமான் எங்கையிருந்து வந்ததெண்டு சொன்னால்தான் விலை ஏறும். வக்கில்லாமல் வந்த பரதேசி எண்டு நினைச்சால் ஆர் ஒப்பம் வைப்பான்? பெரிய இடத்துச் சரக்கெண்டு காட்டவேணும்."

வியாழக்கிழமை வந்த அதிகாரி கதிரையில் இருந்து, தேத்தண்ணியை வாங்கி ஒரு பக்கம் வைத்தார்.

"அங்கை உமக்கு வீடு, காணி, உறவு?"

"ஒண்டும் இல்லை ஐயா. எனக்கு எல்லாம் இஞ்சைதான்."

அதிகாரி தலையாட்டி எழுதினார். அதோடு எழும்பியிருப்பார். சரவணமுத்து சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"ஐயா, இவரைச் சும்மா ஆள் எண்டு நினையாதேங்கோ. இவை பெரிய சீமைக்காரர். மிளகு, தேங்காய், மீன் எல்லாம் கொட்டிக் கிடக்கிற இடம்."

"நாற்பத்து நாலு ஆறு ஐயா!" என்றான் அம்புறோஸ். பூசைக்குப் போடும் சேட்டு போட்டிருந்தான். "தண்ணிக்குக் கீழை நெல் விளையுது!"

அதிகாரி பேனையை வைத்துவிட்டார். "தண்ணிக்குக் கீழையோ?"

அம்புறோஸ் கையாலே வரம்பு கட்டிக் காட்டினான். பாம்பு வள்ளத்தை இருந்த இடத்திலேயே வலித்தான். ராசா வரும் நாளில் எந்த வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை என்றான்; அது அவனே சேர்த்தது. அதிகாரியின் தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

"இதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?"

"இவர்தான் ஐயா! விடிஞ்சால் பொழுதுபட்டால் 'எங்கட நாடு, எங்கட நாடு' எண்டு இதே கதைதான்."

செபஸ்தியம்மா குசினி வாசலில் வந்து நின்றாள். குஞ்ஞப்பன் எழும்பினான். "ஐயா, அது... சும்மா தேத்தண்ணிக் கதை."

"நல்லாய்த்தான் சொல்லியிருக்கிறீர்," என்று சிரித்தார் அதிகாரி. பேனையை எடுத்து ஒரு பக்கம் முழுக்க எழுதினார்.

"பாத்தீரே?" என்று குஞ்ஞப்பனின் காதுக்குள் சொன்னார் சரவணமுத்து. "விழுந்திட்டார்."

மூன்று மாதத்தில் பதில் வந்தது. விண்ணப்பகாரர் சொந்த நாட்டின் மீது வைத்த பற்று நீங்கவில்லை, இங்கே நிரந்தரமாய் இருக்கும் எண்ணம் நிரூபிக்கப்படவில்லை, ஆகவே மறுக்கப்படுகிறது. திரும்பவேண்டிய இடம்: கேரளம். அவன் கப்பலேறிய வருஷத்தில் அந்தப் பெயரில் ஒரு இராச்சியம் இருக்கவில்லை. செபஸ்தியம்மா இந்த நாட்டுப் பிரசை. கடிதத்தில் அவள் பெயர் இல்லை; போகவேண்டியது அவன் மட்டும்.

போகும் நாளில் அவள் ஒரு பழைய பார்லித் தண்ணிப் போத்திலில் கிணற்றுத் தண்ணீர் நிறைத்து, தக்கை இறுக்கி, துறைக்குக் கொண்டுவந்தாள். குஞ்ஞப்பன் இரண்டு கையாலும் வாங்கினான்.

"நாற்பத்து நாலு ஆறு ஓடுற இடத்துக்கு எங்கட சவர்த் தண்ணியோ, பிள்ளை!" என்றார் சரவணமுத்து. ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் கடலைப் பார்த்தார்.

அம்புறோஸ் லோஞ்சுக் காசு வாங்க மறுத்துவிட்டான். அக்கரையில் காரைநகர்ப் பக்கம் திருப்பியதும் கண்ணை அகல விரித்துக் கேட்டான். "முதல் எந்த ஆத்தைப் பாப்பியள், அண்ணை? குடுத்து வைச்ச மனிசன்!"

குஞ்ஞப்பன் தக்கையைக் கழற்றி ஒரு வாய் குடித்தான். போத்திலை வெயிலுக்கு உயர்த்தி, தண்ணீர் எதுமட்டும் நிற்கிறதென்று பார்த்தான். பிறகு தக்கையை இறுக்கி மடியில் வைத்துக்கொண்டான்.