இரண்டாவது அடி

பதினாலாம் படுக்கைக்கு மலத்தட்டு வைக்கச் சொல்லி நர்ஸ் குரல் கொடுத்தபோது, மாடியக்கா மாப்புக் கட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு போனாள். ஒன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியிலேயே ராத்திரி ஷிப்ட் பார்ப்பதால் டாக்டரிலிருந்து காவலாளி வரை எல்லாருக்கும் அவள் மாடியக்காதான். இரண்டு நாள் விடுப்பு முடிந்து அன்றைக்குச் சாயங்காலம்தான் வந்திருந்தாள். எலும்பு முறிவு வார்டில் ஏழெட்டுப் புது முகங்கள் இருந்தன. பதினாலில் கிடந்தவனுக்கு வலது கால் முழுக்க மாவுக்கட்டு, வலது கையிலும் கட்டு. இடது கணுக்காலைக் கட்டில் கம்பியோடு சேர்த்து விலங்கு பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் திரையை இழுத்து மூடிவிட்டுத் திரும்பினாள். அவனும் முகத்தைத் திருப்பினான். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அடையாளம் தெரிந்தது.

"அக்கா, அடிக்காதீங்கக்கா!" என்று அவன் நல்ல கையால் தலையை மறைத்துக்கொண்டான்.

மாடியக்காவின் கையில் இருந்தது எஃகுத் தட்டு. கனமானதுதான்.

"என்னடா அங்க சத்தம்?" என்றார் போலீஸ்காரர், தலையை நிமிர்த்தாமல்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் அவள். தட்டைக் கட்டில் மேல் வைத்தாள். இவன் முகத்தை அவள் கடைசியாகப் பார்த்தது செவ்வாய்க்கிழமை மதியம்.

செவ்வாய்க்கிழமையும் அவள் வழக்கம்போல வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, சமையலறைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். ஒரே அறையும் சமையலறையும்தான் வீடு. வெளிச்சம் வராத இடம் அந்தச் சமையலறை ஒன்றுதான். எட்டு வீடுகள் கொண்ட அந்த வரிசையில் பாதிப் பெண்கள் ராத்திரி வேலைக்காரர்கள். ஒருத்தியின் தூக்கத்தை இன்னொருத்தி கெடுக்கக்கூடாது என்று பகலில் அங்கே குழாய்ச் சத்தம்கூடக் கேட்காது. குழாய் வேலை பார்க்கும் புருஷன் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார். மகள் கல்லூரிக்குப் போகும்போது, அம்மா எழுந்து வந்து தாழ்ப்பாள் போட வேண்டாமே என்று, வெளியே பூட்டிக்கொண்டு போனாள். அந்த இரண்டு மாதத்தில் வரிசையில் மூன்று வீடுகளில் பூட்டு உடைந்திருந்தது. மூன்று முறையும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

யாரோ தலைமுடியை மிதித்ததும் விழித்தாள். அரையிருட்டில் இரண்டு கால்கள். மேலே பார்த்தபோது ஒரு கையில் மகளின் லேப்டாப், மறு கையில் நீளமான திருப்புளி. அவனும் குனிந்து பார்த்தான். கத்த வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. வெளியே போக வீட்டுக்கு இருப்பது ஒரே கதவு, அது அவனுக்குப் பின்னால் இருந்தது. தொட்டிக்குக் கீழே, வாய் தேய்ந்துபோனது என்று புருஷன் போட்டு வைத்திருந்த, குழாய் முறுக்கும் பழைய பைப் ரிஞ்சு கைக்கு அகப்பட்டது. படுத்த வாக்கிலேயே வீசினாள். முட்டி உடைந்த சத்தம் அவள் காதில் கேட்டது. லேப்டாப் ஒரு பக்கம் விழுந்தது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். விழுந்தவன் வெறுங்கையால் அவள் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தான். திருப்புளியை அப்போதும் அவன் விடவில்லை. திருப்புளி பிடித்த கை மேல் இன்னொரு அடி போட்டாள். அதற்குப் பிறகுதான் குரல் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் தூக்கக் கண்ணோடு ஓடி வந்தார்கள்.

"இடுப்பைத் தூக்கு," என்றாள் இப்போது.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான். தட்டைச் செருகினாள்.

"வெளிய பூட்டு தொங்குச்சுக்கா. வீட்ல ஆள் இல்லைன்னு நெனச்சேன்."

"ஆள் இல்லைன்னா எடுத்துக்கலாமா?"

அவன் கூரையைப் பார்த்தான். "முட்டி திரும்பி வராதாம். இனிமே சாரத்துல ஏற முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெயிண்ட் அடிக்கிறவன்க்கா நான்."

"அப்போ பெயிண்ட் அடிச்சிருக்கணும்."

"வேலை குடுத்தாத்தானே அடிக்கலாம்?"

வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்துவிட்டாள். வேறு யாருக்கும் எப்படிச் செய்வாளோ அப்படியே, அவசரப்படாமல், மடிப்புக்குள் ஈரம் நிற்காமல் செய்தாள். மாவுக்கட்டுக்குக் கீழே தலையணையைச் சரிபண்ணினாள்.

"என் மேல கோவமாக்கா?"

"என் வீட்டுக்குள்ள வந்தா அடிப்பேன். இங்க கெடந்தா தொடைப்பேன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதே," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏழரை மணிக்கு உதவி ஆய்வாளர் வந்தார். பதினாலாம் படுக்கைக்காரனை அடித்தது அவள்தான் என்று அதற்குள் ஒப்பந்தக் கம்பெனிச் சூப்பர்வைசருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு பேருமாக அவளைப் படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே சலவைக்காரம்மா விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெளியே போகச் சொல்லி யாரும் சொல்லாததால் அவளும் அங்கேயே இருந்தாள்.

"ஏம்மா, நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லலை," என்று ஆய்வாளர் இதமாகத்தான் ஆரம்பித்தார். "மொத அடி உன்னைக் காப்பாத்திக்க அடிச்சது. சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ரெண்டாவது அடிதான் உதைக்குது. விழுந்தவனை அடிச்சா அதுக்குப் பேரு வேற."

"விழுந்தவன் கையில திருப்புளி இருந்துச்சு சார்."

"அதை நீ கோர்ட்ல சொல்லணும். கோர்ட்டுக்குப் போனா மூணு வருஷமோ நாலு வருஷமோ, யாருக்குத் தெரியும்? அது வரைக்கும் அவன் ஒரு கேஸ்ல குற்றவாளி, நீ ஒரு கேஸ்ல குற்றவாளி." பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அதான் சுலபமா ஒண்ணு எழுதிட்டு வந்திருக்கேன். தப்பிச்சு ஓடும்போது வாசப்படியில இடறி விழுந்துட்டான். முட்டியும் போச்சு, கையும் போச்சு. அவனும் சரின்னுட்டான். ஒரு கையெழுத்து போடு, உன் வேலையைப் பாரு."

மாடியக்கா தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இதுல நான் எங்க சார் இருக்கேன்?"

"நீ தூங்கிட்டு இருந்தே. எழுந்து உக்காந்தே. உன்னைப் பார்த்துட்டு அவன் ஓடுனான்."

"படுத்திருந்த பொம்பளை எழுந்து உக்காந்ததுக்கே திருப்புளியோட வந்தவன் பயந்து ஓடுனானா?"

சலவைக்காரம்மா களுக்கென்று சிரித்துவிட்டு, சிரிப்பை மறைக்க விரிப்பை உதறினாள்.

ஆய்வாளரின் இதம் கொஞ்சம் குறைந்தது. "வீடு சொந்த வீடா?"

"வாடகை."

"பார்த்தியா? கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சா வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லுவாரு. உனக்கென்ன சொத்தா இருக்கு, இவ்வளவு வம்பு பண்றதுக்கு?"

"வாடகை வீட்ல இருந்தாலும் கழுத்து சொந்தக் கழுத்துதானே சார்?"

சூப்பர்வைசர் நடுவில் புகுந்தான். "அக்கா, கம்பெனி ரூல் உங்களுக்கே தெரியும். கேஸ் இருக்கிறவங்களை ஆஸ்பத்திரிக்குள்ள விடமாட்டாங்க. அதுவும் பேஷண்டை அடிச்சவங்கன்னா—"

"நான் அடிக்கும்போது அவன் பேஷண்ட் இல்லப்பா. அடிச்சதுக்கு அப்புறம்தான் பேஷண்ட் ஆனான்."

ஆய்வாளர் தாளைத் திரும்ப வாங்கி மடித்தார். மாடியக்கா விடவில்லை. "போன வருஷம் நகைக்கடை முதலாளி வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்தான். அவரு துப்பாக்கியால சுட்டாரு. ரெண்டு குண்டு. பேப்பர்ல நீங்க அவருக்குக் கை குடுத்த போட்டோ வந்துச்சு. அவருகிட்டயும் இடறி விழுந்தான்னு எழுதி வாங்குனீங்களா சார்?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற?"

அவர் சட்டைப்பையின் பொத்தானைப் போட்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வா. ராத்திரி முழுக்க யோசிச்சுட்டு வா."

காலையில் அவள் வீடு திரும்பியபோது புருஷன் வேலைக்குப் போகாமல் காத்துக்கொண்டிருந்தார். உடைந்த பூட்டுக்குப் பதிலாகப் புதுப் பூட்டு வாங்கி வந்து கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்தார்.

"போட்டுத் தொலை. ஒரு கையெழுத்துதானே," என்றார்.

"பொய்ங்க அது."

"பொய்யா இருந்தா என்ன? உனக்கு வேலை நிக்கும். நானும் ஒரு நாள் வேலை, ரெண்டு நாள் சும்மான்னு ஓட்டிக்கிட்டு இருக்கேன்." சற்று இறங்கி வந்தார். "சரி, அடிச்சேன்னே சொல்லு. ஆனா ஒரு அடின்னு சொல்லு. அந்த ரெண்டாவதை மட்டும் விட்டுடு."

அவள் உட்கார்ந்து, புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிக் காட்டினாள். நான்கு நகக் கீறல்கள், கன்றிய நீலத்தில் ஒரு பெருவிரல் தடம்.

"இது எப்ப வந்துச்சு? அவன் விழுந்ததுக்கு அப்புறம் வந்துச்சு. ரெண்டாவது அடியை விட்டுட்டா நான் இங்க உக்காந்து உங்ககிட்ட பேசிட்டு இருக்க மாட்டேன். மொத அடி கண்ணை மூடிட்டு அடிச்சது. ரெண்டாவதுதான் நான் பார்த்து அடிச்சது. அதை எப்படிங்க இல்லைன்னு சொல்லுவேன்?"

புருஷன் அந்தத் தடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். மூன்று நாளாக அதை அவர் பார்த்திருக்கவில்லை.

"ஏன் என்கிட்ட காட்டலை?"

"நீங்க கேக்கவே இல்லையே."

அறைக்குள்ளிருந்து மகள் வந்தாள். "அப்பா, நானும் வரேன். அம்மா சொல்றதை அப்படியே எழுதுறாங்களான்னு யாராவது படிச்சுப் பார்க்கணும்."

அவர் பூட்டை ஜன்னல் மேல் வைத்துவிட்டுச் சட்டையை எடுத்து மாட்டினார். வாசலில் செருப்பைப் போடும்போது, ஏற்கெனவே பூட்டு உடைபட்ட மூன்று வீட்டுப் பெண்களும் தூங்கப் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, கூடவே நடந்தார்கள்.

ஸ்டேஷனில் எழுத்தர் எழுதினார், அவள் சொன்னாள். தலைமுடியை மிதித்தது, திருப்புளி, ஒரே கதவு, ரிஞ்சு. எழுதி முடித்ததும் மகள் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "பல முறை தாக்கினேன்" என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"பல முறைன்னு அம்மா சொல்லலையே."

"எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றார் எழுத்தர்.

"ஒண்ணு இல்ல சார், ரெண்டு," என்றாள் மாடியக்கா. "ரெண்டுன்னு எழுதுங்க. மொத அடி முட்டியில. ரெண்டாவது அடி, என் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே திருப்புளியை விடாம வச்சிருந்த கையில. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

எழுத்தர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் தலையசைத்தார். "பல முறை" அடிக்கப்பட்டு "இரண்டு முறை" என்று எழுதப்பட்டது.

"பிடிவாதக்காரிம்மா நீ," என்றார் ஆய்வாளர். குரலில் கோபம் இல்லை, சலிப்புத்தான் இருந்தது. "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"தெரியும் சார். நாளைக்கே இன்னொருத்தன் பூட்டை உடைச்சு உள்ள வந்தாலும் அடிப்பேன். அதையும் எழுதிக்குங்க."

"அதெல்லாம் எழுத மாட்டோம்மா."

"எழுதாட்டி போங்க. கேட்டுக்கிட்டீங்கல்ல, போதும்."

கையெழுத்துப் போட்டாள். அவள் மேல் வழக்குப் பதிவானது. புருஷனும் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் பிணைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகு வெளியே விட்டார்கள். மணி இரண்டாகியிருந்தது. வீட்டுக்குப் போய், புதுப் பூட்டை உள்பக்கமாகப் போட்டுக்கொண்டு, மூன்று மணி நேரம் தூங்கினாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அப்படித் தூங்கியது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், துவைத்துத் தேய்த்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்வாசலில் நின்றாள். ராத்திரி ஷிப்ட் பெண்கள் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். சுவரில் பதித்த வருகைப்பதிவுப் பெட்டியில் ஒவ்வொருத்தியாகக் கட்டைவிரலை வைத்து உள்ளே போக வேண்டும். அவள் முறை வந்தது. வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. "மீண்டும் முயற்சி செய்யவும்," என்றது பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக.

விரலைக் கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். சிவப்பு.

சூப்பர்வைசர் வேகமாக வந்தான். "அக்கா, மத்தியானமே உங்க பேரை எடுத்துட்டாங்க. நீங்க விடிய விடிய வச்சாலும் எடுக்காது. வீட்டுக்குப் போங்க."

"எதுக்கு எடுத்தாங்க?"

"உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும். நீ எழுதிக் குடு. வீட்டுக்குள்ள வந்த திருடனை அடிச்சதுக்காக ஒன்பது வருஷ வேலையை விட்டு எடுத்தோம்னு எழுதி, கம்பெனி முத்திரை வச்சுக் குடு. போயிடுறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுக்கா."

"இடறி விழுந்தான்னு எழுத முடியுது, இதை எழுத முடியலையா?"

அவன் கைப்பேசி அடித்தது. மூன்றாம் மாடி நர்ஸின் குரல் வெளியே வரை கேட்டது: வார்டில் ஆளே இல்லை, பதினாலாம் படுக்கைக்காரன் அரை மணி நேரமாகக் கூப்பிடுகிறான், யாரையாவது உடனே அனுப்பு. சூப்பர்வைசர் வரிசையைப் பார்த்தான்.

"யாராவது மூணாம் மாடியையும் சேர்த்துப் பார்த்துக்குங்க. சீக்கிரம்."

அடுத்ததாக நின்ற சலவைக்காரம்மா கைகளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் நகரவில்லை. உள்ளே போயிருந்த இரண்டு பேர் திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஆறு தாண்டியது.

மாடியக்கா கட்டைவிரலைப் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்து, எடுக்காமல் அழுத்தினாள். "மீண்டும் முயற்சி செய்யவும்," என்றது பெட்டி. "மீண்டும் முயற்சி செய்யவும். மீண்டும் முயற்சி செய்யவும்." நகம் வெளுக்கும் வரை அவள் அழுத்திக்கொண்டே நின்றாள்.