இறக்கிட்டேன்

எங்கள் வீட்டில் கிதார் ஒன்று, சுருதி இரண்டு. என் புருஷன் பெகானி ஜோபே டர்பனில் தேவாலயக் குழுவோடு வாசித்துப் பழகியவன். ஆறு கம்பியையும் புத்தகத்தில் போட்டிருக்கிறபடி வைப்பான். நான் எங்கள் ஜுலு ஆட்கள் வைக்கிறபடி மெல்லிய முதல் கம்பியை ஒரு சுரம் இறக்கி வைப்பேன். காலையில் அவன் ஏற்றுவான், சாயங்காலம் நான் இறக்குவேன். அந்த ஒரு முறுக்காணி மட்டும் தேய்ந்து பளபளத்துக் கிடக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நான் கட்டிய பாட்டுகளைத் தன் சுருதிக்கு மாற்றி, ஊர் ஊராகப் போய்த் தன் பாட்டென்று பாடினானே, அதுதான் எனக்குச் செரிக்கவில்லை. அதனால்தான் நோங்கோமா பள்ளி மைதானத்தில் நடந்த போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தேன். ஜெயிக்கிறவருடைய பாட்டை இசைத்தட்டாகப் போடுவார்கள். என் பாட்டு என் பெயரில் வெளிவர எனக்கு வேறு வழி இல்லை.

உடனே அவனும் பெயர் கொடுத்தான். மேடையில் அவனுக்கு அடுத்து நான்.

"ஜோபே, முடிச்சதும் கிதாரை நேரா எங்கிட்டக் குடுங்க. நானே கம்பியை இறக்கிக்கிறேன்" என்று காலையிலேயே சொல்லி வைத்தேன்.

அவன் வாசித்து முடித்தான். கைதட்டல் சுமார்தான். கூட்டத்துக்குள் போய் யார் யாரிடமோ நின்று பேசினான். ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் மேடைப் படிக்கு வந்தான்.

"இந்தா மாசுங்கு, இறக்கிட்டேன். போ, போ, கூப்பிடுறாங்க பாரு."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அங்கேயே புரிந்திருக்க வேண்டும் எனக்கு.

பாட்டுக்கு முன்னால் கிதார் மட்டும் தனியாக ஒரு ஓட்டம் ஓடும். வாசிக்கிறவரின் கையும் கம்பியின் சுருதியும் அதில் தெரிந்துவிடும். விரலை ஓட்டினேன். முதல் கம்பி கீச்சென்றது. இறக்கவே இல்லை! முன்வரிசையில் சிரித்தார்கள்.

"வீட்டுக்குப் போயி சோளக் களி கிண்டும்மா!" என்றான் ஒருவன்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் நிறுத்தவில்லை. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ஓடிக்கொண்டே இருக்க, இடக்கையால் முறுக்காணியைப் பிடித்துத் திருகினேன், மெதுவாக, எல்லோருக்கும் தெரியும்படி. முதல் கம்பி முனகிக்கொண்டே இறங்கி அதனிடத்துக்கு வந்து நின்றது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து குலவை வந்தது.

பாடினேன். எங்கள் பாட்டின் நடுவில், பாடுகிறவர் மூச்சு விடாமல் தன் பெருமையைப் பேசுகிற ஒரு இடம் உண்டு; அது வந்தது. வேறு எதைப் பற்றியோ பேசத்தான் தயார் செய்து வந்திருந்தேன். வாயில் வந்தது இது:

"நான் மாசுங்கு! ஆடு வித்துக் கிதார் வாங்கினவ! அடுப்பு ஊதிக்கிட்டே பாட்டுக் கட்டினவ! அதைத் தூக்கிட்டுப் போயிப் பேர் வாங்கினவன் யாருன்னு கேளுங்க! பொண்டாட்டி மேடையேறுறப்ப, இறக்கிட்டேன்னு பொய் சொன்னவன் யாருன்னு கேளுங்க! அதோ நிக்கிறாரு, நல்லாப் பாத்துக்குங்க! ஐயா பேரு இறக்கிட்டேன்!"

மைதானமே திரும்பி அவனைப் பார்த்தது.

பரிசு எனக்கு வரவில்லை. நடுவர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கை அருமையான கை, மாசுங்கு. ஆனா புருஷனைச் சந்தி சிரிக்க வெச்ச பொம்பளைக்கு எப்படிம்மா குடுக்கிறது?" என்றார். பரிசு வாங்கியவன் ம்சிங்கா ஊர்க்காரன். பெருமை பேசும் இடத்தில், போட்டிக்கு வந்த மற்றவர்களையெல்லாம் அவர்களைப் பெற்றவர்களோடு சேர்த்துத் திட்டியவன். அது வீரமாம். நான் பேசியது வாயாடித்தனமாம்.

இசைத்தட்டு போனது போனதுதான். ஆனால் அந்தப் பெயர் அவனை விடவில்லை. டாக்சியில் ஏறினால் ஓட்டுநர், "வாங்க இறக்கிட்டேன், உள்ள தள்ளி உக்காருங்க" என்கிறான். கடையிலும் அதே பெயர்தான்.

"மறந்துட்டேன்டி, சத்தியமா" என்றான் என்னிடம்.

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் வாசிக்க அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். கிதார் என்னிடம் இருந்தது. அவன் பெயரைக் கூப்பிடும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தேன். பிறகு அத்தனை பேர் பார்க்க எடுத்து நீட்டினேன்.

"இந்தாங்க ஜோபே. ஏத்திட்டேன்."

அவன் முறுக்காணியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு அவன் செய்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நான் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.