முந்நூற்று முப்பது வாட்

சர்வீஸ் கடைக்காரர் அண்ணனின் கேமிங் லேப்டாப்பைக் கவிழ்த்து அடிமூடியைக் கழற்றியதும் புளித்த நாற்றம் மேஜையைத் தாண்டி வந்தது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை.

பத்து நாளாக அவள்தான் வீட்டில் குற்றவாளி. தன் சார்ஜரின் ஒயர் பிய்ந்துவிட்டதென்று அவளுடையதைக் கேட்டான். அவனுடையது இருநூற்று முப்பது வாட், அவளுடையது முந்நூற்று முப்பது. கொடுத்தாள். மறுநாளே லேப்டாப் செத்துக் கிடந்தது. "உன் பெரிய சார்ஜர் கரண்டைக் கொட்டி எரிச்சிடுச்சு!" என்று வீடே அதிரக் கத்தினான். பாவி, அதை அவளும் நம்பித் தொலைத்தாள். கட்டட வரைபடம் போட்டுப் பிழைக்கிறவளுக்குக் கரண்டைப் பற்றி என்ன தெரியும்? கெடுத்தவள் தன் லேப்டாப்பைக் கொடுக்கட்டும் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அவளுக்குச் சோறு போடுகிற மெஷினில் அவன் உட்கார்ந்து சுட்டு விளையாடினான். திங்கட்கிழமைக்குள் வரைபடம் வராவிட்டால் நீயும் வர வேண்டாம் என்று ஆபீஸில் நேற்று சொல்லிவிட்டார்கள். அவன் லேப்டாப்பைச் சரிசெய்தாவது தன்னுடையதை மீட்கலாமென்று அவள்தான் அவனை இழுத்து வந்திருந்தாள். "எரிஞ்ச போர்டு தேறாது" என்று வழியெல்லாம் முனகினான்.

"எரியவெல்லாம் இல்லம்மா," என்றார் கடைக்காரர். "ரெண்டு சார்ஜர்லயும் வோல்ட் ஒண்ணுதான். வாட் கூட இருந்தா என்ன? அண்டா நிறைய சோறு இருந்தா வயிறு வெடிச்சிடுமா? பசிக்குத் தக்கனதான சாப்பிடுவோம். மெஷினும் அப்படித்தான்."

"அப்புறம் எப்படி?"

"இதப் பாருங்க."

போர்டு முழுக்க டீ காய்ந்து பாகாகியிருந்தது. அதில் கால் மாட்டிச் செத்த கரப்பான் ஒன்று.

அவளுக்குத் துண்டு ஞாபகம் வந்தது. சார்ஜர் கேட்ட அதே வாரம் அவன் கட்டிலடியில் எறும்பு மொய்த்துக் கிடந்த அவளுடைய துண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு அவளே துவைத்தாள். சீ! கொட்டியிருக்கிறான், துடைத்திருக்கிறான், பழிபோட ஆள் வேண்டுமென்றே சார்ஜர் கேட்டிருக்கிறான்.

"சரி விடு," என்றான் அண்ணன். "அம்மாகிட்ட சொல்லிடாத. வருத்தப்படுவாங்க."

"கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேனே, அப்பவும் வாய மூடிட்டு நின்னியேடா!"

பிறந்ததிலிருந்து அவனை அவள் 'டா' போட்டதில்லை. அவன் அதற்கும் செல்போனைத்தான் பார்த்தான்.

"அண்ணே," என்றாள் கடைக்காரரிடம், "அந்தக் கரப்பானை எடுத்து ஒரு பேப்பர்ல மடிச்சுக் குடுங்க."

வீட்டில் அம்மா மதியச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தாள். "என்னவாம்?"

"சார்ஜர்தாம்மா. நான் அப்பவே சொல்லல?" என்றான் அண்ணன், சோற்றைப் பிசைந்தபடி.

தங்கை பொட்டலத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். டீப் பாகோடு வந்த கரப்பான் பேப்பரில் ஒட்டியிருந்தது. "லேப்டாப்புக்குள்ள இவன் கொட்டின டீம்மா," என்றாள். அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அண்ணன் தட்டை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.