சேவை நேரம்

திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்குக் கடிகாரம் கணக்காளரின் மேசைக்கு வந்து நின்றாள்.

அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் அது. ஊழியர்கள் சமூக சேவையில் செலவிடும் நேரத்தைக் கணக்கெடுப்பது அவள் வேலை. எதிரில் வருகிறவர்களைச் சாப்பிட்டாச்சா என்று கேட்க மாட்டாள், இந்த மாதம் எத்தனை மணி நேரம் என்றுதான் கேட்பாள். பட்டப்பெயர் அவளுக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை.

"சார், ட்ரீட் எப்ப?"

"எதுக்கு?"

"சேவையில இந்த வருஷம் நீங்கதான் முதல் ஆளு."

கணக்காளர் சிரித்துவிட்டார். "ஒரே ஒரு தடவை மரம் நட வந்தேன்மா. அதுக்கும் பள்ளம் தோண்டினது வேற ஆளு."

"ரொம்பத்தான் தன்னடக்கம்" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில் கோடுகள். ஆளுக்கு ஒன்று. வருடம் முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்துவிட்டுக் கடைசி மாதத்தில் எல்லாம் எழுந்து நின்றன.

"அப்பதானே சம்பள உயர்வு முடிவாகும். அப்பதான் எல்லாருக்கும் இரக்கம் வரும். இப்ப இத பாருங்க." நீல நிறத்தில் ஒரு கோடு மட்டும் வருடம் முழுக்க மேலேயே மேடு பள்ளமின்றி ஓடியது. "இது நீங்க. ஒரு ஞாயித்துக்கிழமை விடல. காய்ச்சல்னு லீவு போட்டீங்களே, அந்த வாரமும் போயிருக்கீங்க."

"எங்க?"

"ரயில் பாதைக்கு அந்தாண்ட இருக்கிற முதியோர் இல்லத்துக்கு."

அவர் கை மவுஸ் மேல் அப்படியே இருந்தது.

சேவைக்கென்று ஒரு செயலியை எல்லோர் போனிலும் ஏற்றியிருந்தார்கள். யாரும் அதில் நேரத்தைப் பதியவில்லை. அதனால் அவளே ஒரு வழி செய்தாள். நிறுவனம் உதவி செய்கிற இடங்களின் வளாகத்துக்குள் போன் அரை மணிக்கு மேல் இருந்தால் நேரம் தானாகப் பதிவாகிவிடும். அதற்கு அவளுக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது. அந்த இல்லமும் அந்த இடங்களில் ஒன்று என்பது கணக்காளருக்குத் தெரியாது. சுற்றறிக்கைகளை அவர் படிப்பதில்லை.

அந்த இல்லத்தில் அவருடைய அப்பா இருந்தார்.

முன்பு ஒருமுறை கணக்காளரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். நடக்க முடியாத அப்பா என்னோடு இருக்கிறார், பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை என்று எழுதிக் கொடுத்தார். மாற்றல் நின்றது. எழுதியபோது அது உண்மை. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அவரும் மனைவியும் வேலைக்குப் போனால் அப்பா பூட்டிய வீட்டுக்குள் தனியாக. ஒரு நாள் குளியலறையில் விழுந்து சாயங்காலம் வரை அங்கேயே கிடந்தார். அடுத்த மாதம் இல்லத்தில் சேர்த்தார்கள். அலுவலகத்தில் சொல்லவில்லை. ஆண்டுதோறும் "நிலைமையில் மாற்றமில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன மாதமும் போட்டார். தெரிந்தால் மாற்றலோடு விடமாட்டார்கள். பொய் சொன்னதற்கு வேலையே போகும்.

"தப்பா பதிவாயிருக்கும். எடுத்துடும்மா."

"ஒவ்வொரு வாரமுமா சார் தப்பாகும்?"

"எடுக்க முடியாதா?"

"முடியும். காரணம் எழுதணும். தப்புன்னு எழுதினா விசாரணை வரும். அப்ப அங்க எதுக்குப் போனீங்கன்னு உங்களத்தான் கேப்பாங்க." குரலைத் தாழ்த்தினாள். "நல்லது செய்யறதுக்குக்கூடவா சார் வெட்கப்படுவாங்க?"

அதற்குள் மேலாளர் அறையிலிருந்து வெளியே வந்தார். "என்னய்யா, ஊமையா இருந்துக்கிட்டு எங்க எல்லாரையும் கவுத்துட்டீரே!"

கை குலுக்கினார்கள். பக்கத்து மேசைக்காரர் முதுகில் தட்டினார். "உங்களால என் ஞாயித்துக்கிழமைத் தூக்கம் போச்சு. நல்லா இருங்க."

தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போய்விட்டது என்றார் மேலாளர். வருகிற ஞாயிறு இல்லத்திலேயே படம் பிடிக்கிறார்கள். ஒரு பெரியவரோடு அவர் உட்கார்ந்து பேசினால் போதும்.

அன்றிரவு வீட்டில் மனைவி துணி மடித்தபடி கேட்டாள்.

"உண்மையச் சொல்லிட்டா என்ன?"

"சொல்லிட்டு?"

உள்ளறையில் மகள் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாளுக்குப் போன் செய்தார். "கட்டில் எல்லாம் உங்க கம்பெனி குடுத்தது சார். நான் எதுக்கு வாயத் திறக்கப் போறேன்? ஆனா மத்தவங்களுக்கு நீங்க யாருன்னு தெரியும். அவங்க வாய என்னால கட்ட முடியாது. எல்லாரையும் சாப்பாட்டுக் கூடத்துல உக்கார வச்சிடறேன்."

அப்படியென்றால் படத்தில் உட்கார அப்பாதான். வேறு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்னதாகவே போனார். அப்பா சலவைச் சட்டையில், சக்கர நாற்காலியில் இருந்தார்.

"வாடா ஹீரோ. பவுடர் போட்டுக்கலையா?"

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப ஆபீஸ் கணக்குப்படி நான் உன் வீட்டுல இருக்கேன்."

"ஆமா."

"சௌக்கியமா இருக்கேனா?"

"அப்பா..."

"சரி விடு. இப்ப இங்க இருக்கிற நான் யாரு?"

"யாரோ ஒருத்தர். நான் வாரா வாரம் வந்து உங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டறேன். அவ்வளவுதான்."

"நீ என்னைக்குடா பேப்பர் படிச்ச? போன நோண்டிக்கிட்டுதானே உக்காந்திருப்ப?"

வாசலில் கார் வந்து நின்றது. "அப்பான்னு மட்டும் வாய் தவறிடாத" என்றார் அப்பா. "நான் பாத்துக்கறேன்."

மேலாளர், கடிகாரம், படம் பிடிக்கும் ஆள். மூவரும் வந்ததும் அறை நிறைந்துவிட்டது. கணக்காளரின் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். கதவுக்கு முன்னால் விளக்கை நிறுத்தினார்கள்.

"ரெண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி இருக்கு சார்" என்றான் படம் பிடிப்பவன். "அப்பா புள்ளைன்னு சொன்னா நம்பிடுவாங்க. அப்படியே இருங்க."

மேலாளர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

கணக்காளர் செய்தித்தாளைப் பிரித்து ஏதோ ஒரு பத்தியைப் படித்தார். என்ன படிக்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"ஐயா, சார் வர்றது உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கடிகாரம் கேட்டாள்.

"ஒரு வாரம் தவறினதில்ல. பெத்த புள்ளகூட இப்படி வராதும்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

"போதும்ல?" என்று கணக்காளர் எழுந்தார்.

"உக்காருங்க சார், இன்னும் ஓடுது. ஐயா, நீங்க அவர்கிட்ட ஏதாவது பேசுங்க. இயல்பா" என்றான் படம் பிடிப்பவன்.

அவர் உட்கார்ந்தார். அப்பா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். முழங்கால்கள் இடித்துக்கொண்டன.

"நீங்க வாரா வாரம் இங்க வந்து உக்காந்துடறீங்களே தம்பி, அந்த நேரத்துல வீட்டுல உங்க அப்பாவ யாரு பாத்துக்கறா?"